மால் லிஃப்ட் தகராறு பண்ணுதா? எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும்

மால்ல லிஃப்ட் நின்னா முதல்ல என்ன நடக்குதுன்னா யாராவது ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுறாங்க, லிஃப்டும் ஓட ஆரம்பிச்சுடுது, எல்லாரும் நிம்மதியா கலைஞ்சு போயிடுறாங்க, அடுத்த கூட்ட நேரத்துல அதே லிஃப்ட் அதே மாடியில திரும்ப நிக்குது. ரீசெட் பண்ணதால குறை போகல, குறை எங்க இருக்குன்னு காட்டுற தடயம்தான் போச்சு. அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. எந்த மாடி, மேல போச்சா கீழ வந்துச்சா, உள்ள ஆள் நிறைய இருந்தாங்களா இல்ல காலியா, கதவு திறந்திருக்கா மூடியிருக்கா பாதியில நிக்குதா, டிஸ்ப்ளேல என்ன தெரியுது, பேனல்ல என்ன எரர் நம்பர். இதை ஒரு போட்டோ எடுத்து நேரத்தோட எழுதி வச்சுட்டா டெக்னீஷியன் வந்ததும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இன்னொண்ணு முதல்லயே சொல்லிடுறேன். வெளியில இருந்து பாக்குறது, சில் (கதவு ஓடுற அடிப் பள்ளம்) க்ளீன் பண்றது, பட்டன் பாக்குறது, சர்வீஸ்ல இருந்து எடுக்குறது, இதெல்லாம் மால் மெயின்டனன்ஸ் ஆளுங்க தாராளமா பண்ணலாம். ஷாஃப்ட் (லிஃப்ட் மேல கீழ ஓடுற செங்குத்து வெளி), கார் டாப் (கேபினோட கூரை), பிட் (ஷாஃப்டோட அடிக்குழி), கண்ட்ரோல் பேனல் இதுக்குள்ள போறது பயிற்சி எடுத்த லிஃப்ட் டெக்னீஷியன் மட்டும்தான். கீழ வர்றது எல்லாம் ரோப்ல ஓடுற லிஃப்டுக்கு, ஹைட்ராலிக் கதை வேற. அளவுகள் பெரும்பாலும் ஈஎன் 81-20-ங்கிற ஐரோப்பிய லிஃப்ட் பாதுகாப்பு ஸ்டாண்டர்டுல இருக்கிறது, உங்க ஊர் விதி கொஞ்சம் மாறலாம், அப்போ அதுதான் கணக்கு.

உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க

இது வந்தா குறை தேடுறது எல்லாம் அப்புறம். முதல்ல இன்டர்காம்ல பேசுங்க, எத்தனை பேர், குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத்திணறல் உள்ளவங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க, கதவுல சாயாதீங்க, இழுத்து திறக்காதீங்கன்னு சொல்லுங்க. மாட்டினவங்களுக்கு ரெண்டு பயம்தான் இருக்கும், காத்து தீந்துடும், ரோப் அறுந்துடும். கேபின் காத்து புகாத பெட்டி இல்ல, வென்ட் இருக்கு. ரோப் ஒண்ணு இல்ல பல ரோப், அதுக்கும் மேல ஸ்பீடு ரேட்டட் அளவை தாண்டி 115 சதவீதத்துக்கு மேல போனா கவர்னர் (வேகத்தைக் கண்காணிக்கிற கருவி) அடிச்சு சேஃப்டி கியர் (கேபினோட அவசர பிடிப்பான்) ரெயிலை கவ்விடும், எலிஷா ஓட்டிஸ் 1854-ல நியூயார்க் கண்காட்சியில தான் நின்ன மேடையோட ரோப்பை வெட்டச் சொல்லி காட்டினது இந்த வழியில வந்த ஏற்பாடுதான். இதை அமைதியா ரெண்டு வரியில சொன்னாலே உள்ள இருக்கவங்க பதட்டம் நிறைய குறையும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை திரும்ப பேசணும், ஒருதடவை பேசிட்டு விட்டுடக்கூடாது.

வெளியேத்துறதுல ஒரே ஒரு விஷயத்தை மண்டையில ஏத்திக்கோங்க. கேபின் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்போது லேண்டிங் கதவை, அதாவது மாடியில இருக்கிற வெளிக்கதவை, திறந்து குதிக்கச் சொல்லக்கூடாது. கேபின் தரை லேண்டிங்கை விட உயரத்துல இருந்தா கேபினுக்கு அடியில ஷாஃப்ட் வாய் திறந்து கிடக்கும், குதிக்கிறவர் கால் பின்னாடி சறுக்கினா நேரா பிட்டுதான். கேபினுக்கு கீழ தொங்குற ஏப்ரன் தகடு முக்கால் மீட்டர்தான், அதுக்கு மேல இடைவெளி இருந்தா அதால மறைக்க முடியாது. பயிற்சி எடுத்தவர் மெயின் பவரை ஆஃப் பண்ணிட்டு, எல்லா மாடி கதவும் மூடி பூட்டியிருக்கான்னு உறுதி பண்ணிட்டு, பிரேக்கை விட்டு விட்டு திறந்து கேபினை மாடிக்கு சமமா கொண்டு வந்து அப்புறம்தான் கதவை திறக்கணும். காலியா இல்ல ஓரிரண்டு பேரோட இருந்தா பிரேக் திறந்ததும் கேபின் மேலதான் போகும், ஏன்னா ரோப்போட மறுபக்கம் தொங்குற கவுண்டர்வெயிட் கேபின் எடை கூட லோடுல கிட்டத்தட்ட பாதியும் சேத்து வச்சிருக்கும். கீழ இறங்கும்னு எதிர்பார்த்து நிக்கிற புது ஆளுங்களுக்கு இது தெரியணும்.

கரன்ட் போய் ஆள் மாட்டினா ஏஆர்டி (ஆட்டோமேட்டிக் ரெஸ்க்யூ டிவைஸ்) ஏன் வேலை செய்யலன்னு கேக்கணும். பேட்டரியில பக்கத்து மாடிக்கு கொண்டு போய் கதவு திறக்க வேண்டியது அதோட வேலை. பல இடத்துல பேட்டரி செத்து வருஷக்கணக்கா யாரும் பாக்குறதே இல்ல. மாசம் ஒருதடவை, ஆள் இல்லாத நேரத்துல, உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டு பவரை ஆஃப் பண்ணி பாத்தா தெரிஞ்சுடும்.

கதவு மூடப்போகுது, திரும்ப திறக்குது, திரும்ப மூடப்போகுது

மால் லிஃப்ட்ல வர்ற புகார்ல அதிகம் இதுதான். ஆபீஸ் லிஃப்டை விட மால் லிஃப்ட் கதவு படுற பாடு வேற, ட்ராலி இடிக்குது, ஸ்ட்ரோலர் இடிக்குது, பை நீட்டுறாங்க, கால் நீட்டுறாங்க, சில் பள்ளத்துல சாக்லேட் பேப்பர், ஹேர்பின், சூயிங்கம், மினுமினுப்பு தூள் எல்லாம் சேருது.

முதல் கேள்வி, ஒரு மாடியில மட்டும் நடக்குதா எல்லா மாடியிலயுமா? ஒரு மாடி மட்டும்னா அந்த மாடியோட லேண்டிங் கதவு, சில், லாக், இதுல தேடுங்க. எல்லா மாடியிலயும்னா கார் கதவு (கேபினோட சொந்தக் கதவு), அதோட மோட்டார், பெல்ட், சென்சார். இந்த ஒரு கேள்வியைக் கேக்காமலே டோர் போர்டை மாத்தி காசை விரயம் பண்றவங்க நிறைய.

அடுத்த கேள்வி, எந்த இடத்துல திரும்புது? ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல, அதாவது ஒரு நாலு விரல் இடைவெளி இருக்கும்போதே திரும்புதுன்னா அங்க ஏதோ தடுக்குது, சில்ல கல்லு, வளைஞ்ச பேனல், தேஞ்ச ஹேங்கர் ரோலர் (கதவு தொங்கி ஓடுற சக்கரம்). ஒருதடவை இங்க ஒருதடவை அங்கன்னு இஷ்டத்துக்கு திரும்பினா லைட் கர்ட்டன் (கதவு நடுவுல ஏதாவது வந்தா கண்டுபிடிக்கிற ஒளி சென்சார்) பக்கம் பாருங்க. லென்ஸ் பட்டியை மெல்லிசு துணியால துடைங்க, ஸ்டிக்கர், டேப் துண்டு ஒட்டியிருந்தா எடுங்க, தோரணம், பலூன் ரிப்பன் காத்துல ஆடி குறுக்க வருதான்னும் பாருங்க, பண்டிகை சீசன்ல இது நிஜமாவே நடக்குற விஷயம். அதுலயும் சரியாகலன்னா கர்ட்டனோட கேபிள். கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த கேபிள் மடங்கி நிமிருது, சில வருஷத்துல உள்ள கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் நிக்கும், வெளி உறை பாக்க நல்லாவே இருக்கும். கண்ணாடி கேப்சூல் லிஃப்டா இருந்து தினமும் ஒரே நேரத்துல மட்டும் இந்த தொல்லைன்னா வெயில் நேரா ரிசீவர்ல விழுதான்னு பாருங்க.

சில் க்ளீனிங் பத்தி. வேக்குவம், மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். ஏர் ப்ளோயர் வச்சு ஊதினா குப்பை போகாது, ஷாஃப்டுக்குள்ள விழுந்து லாக்லயும் பிட்லயும் போய் உக்காரும். எண்ணெய் விடாதீங்க, தூசி அதுல ஒட்டி ரெண்டு வாரத்துல பசையாயிடும். தண்ணி ஊத்தி மாப் போடவே கூடாது, அந்த தண்ணி சில் வழியா கீழ இறங்கி அடுத்த மாடி லாக் கான்டாக்ட்ல விழும், அப்புறம் ஏன் ரெண்டாவது மாடியில க்ளீன் பண்ணா முதல் மாடியில லிஃப்ட் நிக்குதுன்னு தலையை பிச்சுக்கணும். ஹவுஸ்கீப்பிங் ஆளுங்களை குறை சொல்றதுல அர்த்தம் இல்ல, அவங்களுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க, ஒருதடவை கூப்பிட்டு கதவு பக்கத்துல நிக்க வச்சு காட்டுங்க.

என்ட்ரன்ஸ் மாடியிலயும் பேஸ்மென்ட் பார்க்கிங்லயும் மட்டும் கதவு கடைசி ஒரு விரல் அளவு மூடாம நிக்குதுன்னா காத்தழுத்தம். ஷாஃப்ட் புகைபோக்கி மாதிரி காத்தை இழுக்கும், ஏசி உள்ள, வெளிக்கதவு திறந்து கிடக்கு, காத்து பேனலை தள்ளி உராய வைக்குது. இதுக்கு நிறைய பேர் பண்றது டோர் மோட்டார் ஃபோர்ஸை ஏத்துறது. அதைப் பண்ணாதீங்க, மூடுற விசை 150 நியூட்டனை தாண்டக்கூடாதுன்னு ஸ்டாண்டர்டு சொல்றது குழந்தைங்க, வயசானவங்க நடுவுல மாட்டுவாங்கன்னுதான். என்ட்ரன்ஸ் கதவு தானா மூடுதா, லிஃப்ட் லாபிக்கு தனி கதவு இருந்தா அதை ஆப்பு வச்சு திறந்து வச்சிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. அப்புறம் லேண்டிங் கதவோட க்ளோசர் வெயிட் இல்ல ஸ்ப்ரிங், டெக்னீஷியன் லேண்டிங் கதவை கொஞ்சம் திறந்து விட்டா அது தானா போய் மூடி பூட்டிக்கணும், மூடலன்னா குறை அங்கதான், அதோட அந்த கதவை அப்படியே விடுறது ஆபத்தும் கூட.

கதவு பஸ்ஸர் அடிச்சுக்கிட்டே மெதுவா மூடுதுன்னா அது குறை இல்ல, ரொம்ப நேரம் யாரோ கதவை பிடிச்சு வச்சிருந்ததால அப்படி மூடுது. ஆள் இல்லாமலே அடிக்கடி அப்படி நடந்தா மட்டும் கர்ட்டன்ல கோளாறு.

இதுல ஒண்ணு மட்டும் உடனே லிஃப்டை நிறுத்த வேண்டிய விஷயம். ட்ராலி இடிச்சு லேண்டிங் கதவோட அடி ஷூ சில் பள்ளத்தை விட்டு வெளிய வந்திருந்தாலோ தேஞ்சு போயிருந்தாலோ அந்த பேனல் அடியில சும்மா தொங்கிட்டு இருக்கும், யாராவது சாஞ்சா உள்பக்கமா விலகி ஆள் ஷாஃப்டுல விழுவாங்க. பேனல் அடிப்பக்கம் ஆடுற மாதிரி, ஒருபக்கம் இடைவெளி பெருசா தெரியுற மாதிரி இருந்தா தள்ளி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, லிஃப்டை நிறுத்தி அந்த மாடியில பாரிகேட் போட்டு ஆள் நிறுத்துங்க. லிஃப்ட் நல்லா ஓடிக்கிட்டுதான் இருக்கும், எரர் எதுவும் காட்டாது, அதனாலதான் இதை விட்டுடுறாங்க.

கதவு முழுசா மூடிடுச்சு, ஆனா கிளம்ப மாட்டேங்குது

பிட் ஸ்விட்ச், கவர்னர், பஃபர், சேஃப்டி கியர், ஃபைனல் லிமிட், கார் டாப் ஸ்டாப், எல்லா மாடி லாக், கார் கதவு கான்டாக்ட், இதுங்களோட ஸ்விட்ச் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சீரியஸ்ல நிக்குது, இதுதான் சேஃப்டி லைன், ஒண்ணு திறந்தாலும் லிஃப்ட் கிளம்பாது. பேனல்ல இந்த லைனுக்கு நாலஞ்சு எல்ஈடி வரிசையா இருக்கும், எது வரைக்கும் எரியுதோ அதுக்கு அடுத்த துண்டுல குறை. ஸ்டாப் பகுதி எரிஞ்சு டோர் பகுதி எரியலன்னா மாடி மாடியா போகணும். மூடின கதவு லாக்குல கொக்கி குறைஞ்சது 7 மில்லிமீட்டர் உள்ள மாட்டின அப்புறம்தான் கான்டாக்ட் சேரணும், அதனால லாக் கொஞ்சம் இறங்கினாலும் கான்டாக்ட்ல கறுப்பு படிஞ்சாலும் சேந்தும் சேராம நிக்கும். மெல்ல கதவை தட்டினா கிளம்புதுன்னா கிட்டத்தட்ட இதேதான், ஆனா தட்டி ஓட்டுறதை பழக்கமா வச்சுக்காதீங்க.

இந்த இடத்துலதான் அந்த கெட்ட பழக்கம் வரும், டோர் லைனை வயர் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டுறது. கூட்டம் நிக்குது, மேனேஜர் திட்டுறார், ஒரு சின்ன வயர் துண்டுதானே, ராத்திரி பாத்துக்கலாம்னு. அந்த வயர் உள்ள இருக்கிற வரைக்கும் லிஃப்ட் கதவு திறந்தே நகரும், கால் ஒண்ணு உள்ள ஒண்ணு வெளியன்னு இருக்கிற ஆளோட நகரும். லிஃப்டுல நடக்குற கோரமான சாவுக்கு பின்னாடி இந்த மாதிரி வயர் இருந்திருக்கு. எந்த கூட்டமும் எந்த மேனேஜரும் இதுக்கு காரணம் ஆக முடியாது. டெஸ்டுக்கு தேவைன்னா ஈஎன் 81-20 வந்த அப்புறம் பேனல்லயே டோர் பைபாஸ் வசதி இருக்கு, அதைப் போட்டா நார்மல் ஓட்டம் நின்னுடும், இன்ஸ்பெக்ஷன்ல (டெக்னீஷியன் மெதுவா ஓட்டிப் பாக்குற முறை) மட்டும் ஓடும், ஓடும்போது கேபின்ல சத்தமும் அடியில லைட்டும் வரும். அது போதும். பழைய பேனல்ல அந்த வசதி இல்லன்னா நேரம் எடுத்தாலும் மாடி மாடியா போய் பாக்குறதுதான் வழி.

சேஃப்டி லைன் ஃப்யூஸ் திரும்பத் திரும்ப போகுதுன்னா எங்கயோ வயர் உலோக பாடியில தொடுது, ஈரம் இறங்கியிருக்கு. பெரிய ஃப்யூஸ் போட்டு சமாளிக்காதீங்க.

சேஃப்டி லைன் எல்லாம் சரி, ஆனாலும் கிளம்பலன்னா சப்ளை பாருங்க. மெயின்ல ஓடுது ஜெனரேட்டர் வந்தா ஓடலன்னா ஜெனரேட்டர் பக்கம் ஃபேஸ் வரிசை மாறியிருக்கும், ஃபேஸ் ரிலே தடுத்து நிறுத்துது, அது சரியாத்தான் வேலை செய்யுது. ட்ரான்ஸ்ஃபார்மர், பேனல் வேலை முடிஞ்ச மறுநாள் எல்லா லிஃப்டும் ஒண்ணா நின்னாலும் இதையே முதல்ல பாருங்க.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல நிக்குது

எங்க, எந்தப் பக்கம் போகும்போது, எவ்வளவு லோடு, எத்தனை மணி, இந்த நாலையும் சேத்து பாத்தா இதுல முக்கால்வாசி பிடிபட்டுடும்.

ஒரே மாடியை தாண்டும்போது மட்டும்னா மாடிக் கதவை சேத்து திறக்க கார் கதவுல இருக்கிற கப்ளர் அந்த மாடி லாக் ரோலர்ல உரசுது, ஒரு நொடி லாக் கான்டாக்ட் விடுது, லிஃப்ட் நிக்குது. கதவு பேனலை ட்ராலி இடிச்சு நகத்தின மாடியா இருக்கும் பெரும்பாலும். டெக்னீஷியன் கார் டாப்ல இன்ஸ்பெக்ஷன் ஸ்பீடுல போய் ரோலர் இடைவெளியை ரெண்டு பக்கமும் பாத்தா போதும். மாடிக்கு சம்பந்தமே இல்லாம ஷாஃப்டுல ஒரு குறிப்பிட்ட உயரத்துல நிக்குதுன்னா கேபின் கூடவே தொங்கி நகர்ற ட்ராவலிங் கேபிள்ல ஒரு கோர் (உள் கம்பி) உடைஞ்சிருக்கலாம், அந்த உயரத்துல கேபிள் வளையும்போது திறக்குது. ஸ்பேர் கோருக்கு மாத்திட்டு ஓட்டிப் பாருங்க.

மாடி சம்பந்தம் இல்ல, லோடும் திசையும்தான் சம்பந்தம்னா ட்ரைவ் (மோட்டாரை ஓட்டுற எலக்ட்ரானிக் பகுதி) பக்கம். காலியா மேல போகும்போது, இல்ல ஃபுல்லா கீழ வரும்போது ஓவர்வோல்டேஜ் எரர்னா மோட்டார் அந்த நேரத்துல கரன்ட் உற்பத்தி பண்ணுது, அதை எரிக்க வேண்டிய பிரேக்கிங் ரெசிஸ்டர் அறுந்திருக்கு, இல்ல அதை ஓட்டுற பகுதி போயிருக்கு. ஃபுல்லா மேல போகும்போது, காலியா கீழ வரும்போது ஓவர்கரன்ட்னா மோட்டார் கஷ்டப்பட்டு இழுக்குது, பிரேக் முழுசா திறக்கல, கவுண்டர்வெயிட் பேலன்ஸ் கெட்டுப்போச்சு, கைட் ஷூ (ரெயிலை ஒட்டி கேபினை ஓட வைக்கிற பிடி) இறுகிடுச்சு, இப்படி ஏதாவது. எரர் நம்பரை மட்டும் பாத்து ட்ரைவை மாத்துறவங்க கிட்ட இந்த லோடு திசை கணக்கை ஒருதடவை கேட்டுப் பாருங்க, ட்ரைவ் விலைக்கு அந்த ஒரு கேள்வி தகும்.

மணியைப் பாத்தா, மதியம் மட்டும்னா வெப்பம். மெஷின் இருக்கிற இடம் 40 டிகிரியை தாண்டக்கூடாது, மெஷின் ரூம் இல்லாத லிஃப்ட்ல மெஷின் ஷாஃப்ட் உச்சியில கண்ணாடி கூரைக்கு அடியில உக்காந்திருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னு போயிருந்தா ட்ரைவும் மோட்டாரும் சூடாகி நிக்கும். சாயந்திரம் தானா சரியாயிடும், அதனால யாரும் நம்ப மாட்டாங்க, ஒரு தெர்மாமீட்டரை ஒரு நாள் அங்க விட்டுட்டு வாங்க. காலையில மால் திறக்குற நேரத்துல மட்டும்னா பெரிய சில்லர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்குதான்னு எலக்ட்ரிகல் ஆளுங்க கிட்ட ரெக்கார்டிங் கேளுங்க.

எந்த கணக்கும் ஒத்துவரல, எரர்ல ஸ்பீடு கோளாறுன்னு வருதுன்னா என்கோடர் (மோட்டார் சுத்துறதை அளக்குற சென்சார்). கப்ளிங் ஸ்க்ரூ, கேபிள் ஷீல்டு எர்த் ரெண்டையும் பாருங்க. ரன் டைம் எரர் வந்தா மோட்டார் சுத்துது ஆனா கேபின் உரிய நேரத்துல போய் சேரலன்னு அர்த்தம், ரோப் வழுக்குதான்னு பாக்கணும். கேபினை ஒரு மாடியில நிறுத்தி ஷீவ்லயும் (ரோப்பை ஓட்டுற பள்ளம் வச்ச சக்கரம்) ரோப்லயும் சாக்பீஸ்ல சேத்து ஒரு கோடு போட்டு, காலியா மேல கீழ முழுசா ஒரு சுத்து ஓட்டிட்டு அதே மாடிக்கு வந்து பாத்தா ரெண்டு கோடும் எவ்வளவு விலகியிருக்குன்னு கண்ணாலயே தெரியும். ரொம்ப லேசா விலகுறது இயல்பு, கண்ணுக்கு தெளிவா விலகினா ஷீவ் பள்ளம் தேஞ்சிருக்கு, இல்ல யாரோ ரோப்ல கண்ட எண்ணெயை பூசியிருக்காங்க.

மாடிக்கு சமமா நிக்கல, படி விழுது

நிக்கும்போது பத்து மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும், ஏத்தி இறக்கும்போது இருபதை தாண்டாம பாத்துக்கணும். வீல்சேர் முன்சக்கரத்துக்கு இருபது மில்லிமீட்டரே பெரிய படி, கைத்தடி ஊன்றி வர்றவங்க தடுக்கி விழுறது இதுலதான், அதனால ஒரு விரல் அளவுதானேன்னு விடக்கூடாது.

ஒரே மாடியில மட்டும் படின்னா அந்த மாடி எங்கன்னு சென்சாருக்கு காட்டுற மேக்னட் இல்ல ஃப்ளாக் நகந்திருக்கு. எல்லா மாடியிலயும், ரெண்டு திசையிலயும் ஒரே பக்கமா ஒரே அளவு தப்பினா கார் மேல இருக்கிற சென்சார் பிராக்கெட் இறங்கிடுச்சு. மேல போகும்போது உயரமாவும் கீழ வரும்போது தாழ்வாவும் நின்னா தாண்டிப் போய் நிக்குது, ஸ்லோ ஆகுற தூரம், பிரேக் பக்கம் பாக்கணும். காலியா சரியா நின்னு ஃபுல் லோடுல மட்டும் தாழ்வா நின்னா, அதுலயும் கீழ் மாடிகள்ல அதிகமா இருந்தா, ரோப் நீளுது, ரீலெவலிங் (நின்ன கேபினை திரும்ப மாடிக்கு சமமா கொண்டு வர்றது) வேலை செய்யல. கீழ் மாடியில கேபின் பக்கம் ரோப் நீளம் அதிகம், அதனால இழுவையும் அதிகம். சினிமா முடிஞ்சு ஃபுல்லா வந்து ஒரே நேரத்துல எல்லாரும் இறங்கும்போது கேபின் மெல்ல மேல எழும்பும், ரீலெவலிங் அதை சரிபண்ணிக்கிட்டே இருக்கணும்.

கிளம்புற நொடியில ஒரு குலுக்கல், ஃபுல்லா இருந்தா சட்டுனு கீழ இறங்கிட்டு மேல போகுது, காலியா இருந்தா ஒரு எம்பு எம்புதுன்னா லோடு செல் (எடை பாக்குற சென்சார்) அளவு தப்பு, இல்ல பிரேக் திறக்குற நேரமும் மோட்டார் பிடிக்கிற நேரமும் ஒத்துவரல. ஆனா கதவு திறந்திருக்கும்போது கேபின் ரீலெவலிங் அளவைத் தாண்டி தானா நகந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாலும், ஒரே ஒருதடவைதான்னு சொன்னாலும், லிஃப்டை உடனே நிறுத்துங்க. பிரேக் சம்பந்தப்பட்டது, ரீசெட் பண்ணி பாக்குற விஷயமே இல்ல.

எல்லா லிஃப்டும் கீழ வந்து கதவைத் திறந்துட்டு நிக்குது

பதறி எல்லா பேனலையும் ரீசெட் பண்றதுக்கு முன்னாடி ஃபயர் பேனலைப் பாருங்க. தீ சிக்னல் வந்தா லிஃப்ட் எல்லாம் குறிச்ச மாடிக்கு வந்து கதவு திறந்து நிக்கணும், அதுதான் நிக்குது. நிஜமாவே தீ இல்லன்னு உறுதி ஆன அப்புறம் ஃபுட் கோர்ட் புகை, டிடெக்டர்ல தூசி, சிக்னல் வர்ற ரிலே, இந்த வரிசையில தேடுங்க. ஒரு லிஃப்ட் மட்டும் இப்படி நின்னா ஃபயர்மேன் ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அந்த கண்ணாடி பெட்டியை யாராவது நோண்டியிருப்பாங்க.

ஆளே இல்ல, ஓவர்லோட்னு கத்துது

ஓவர்லோட் ரேட்டட் லோடுக்கு மேல 10 சதவீதம், குறைஞ்சது 75 கிலோ தாண்டும்போது அடிக்கணும். காலியா அடிச்சா கேபின் அடி ரப்பர்ல ஏதோ சிக்கியிருக்கு, ஸ்விட்ச் வளைஞ்சிருக்கு, லோடு செல் ஜீரோ நகந்திருக்கு. ஆனா மால்ல நான் முதல்ல கேக்குறது, சமீபத்துல கேபின் உள்ள வேலை பண்ணீங்களா? கிரானைட் தரை, பெரிய கண்ணாடி, விளம்பர ஸ்க்ரீன்னு அழகு பாக்க நூறு இருநூறு கிலோ ஏத்திடுறாங்க, லிஃப்ட் கம்பெனிக்கு சொல்றதே இல்ல. லோடு செல்லை திரும்ப ஜீரோ பண்ணா சத்தம் நிக்கும், ஆனா கவுண்டர்வெயிட் அந்த எடைக்கு போட்டது இல்ல, ட்ராக்ஷன் (ஷீவ் ரோப்பை பிடிக்கிற பிடிப்பு), பிரேக், சேஃப்டி கியர் எல்லாம் பழைய எடைக்கு கணக்கு பண்ணது. பேலன்ஸ் திரும்ப எடுத்து, கூட்டின எடையை கணக்குல ஒத்துக்க முடியுமான்னு கம்பெனி சொல்ற வரைக்கும் செல்லுல கை வைக்காதீங்க. 13 பேர்னு போட்ட 1000 கிலோ லிஃப்ட்ல பத்து பேர் ஏறினதுமே கத்துனா அது குறை இல்லாமலும் இருக்கலாம், ஒரு ஆளுக்கு 75 கிலோன்னுதான் கணக்கு, ஷாப்பிங் பையும் ட்ராலியும் அதுல சேராது.

கூப்பிட்டா வர மாட்டேங்குது, இல்ல கூப்பிடாமலே வருது

உள்ள பட்டன் எல்லாம் வேலை செய்யுது, வெளிய கூப்பிட்டா மட்டும் வரலன்னா அட்டென்டன்ட் சாவி (உள்ள ஆள் வச்சு ஓட்டுற முறைக்கான ஸ்விட்ச்) திரும்பியிருக்கு, இல்ல ஹால் கம்யூனிகேஷன் லைன் போச்சு. ஃபுல் லோடுல நிக்காம தாண்டிப் போறது சரியான வேலை, ஆனா காலியாவும் தாண்டிப் போனா லோடு செல் பொய் சொல்லுது. ஒரே மாடிக்கு சும்மா சும்மா வந்து கதவு திறக்குதுன்னா அந்த மாடி பட்டன் உள்ள அமுங்கி நிக்குது, பானம் கொட்டி பசை ஆகியிருக்கும். ஒரு மாடியில இருந்து அதுக்கு மேல இருக்கிற எல்லா டிஸ்ப்ளேவும் கோணல்மாணலா எழுத்து காட்டினா அந்த இடத்துல கேபிள் கனெக்டர், இல்ல லைன் கடைசியில 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் விட்டுப்போச்சு.

சத்தம், அதிர்வு

எங்க வருதுன்னு கண்ணை மூடிக் கேளுங்க. ஷாஃப்டுல ஒரே இடத்துல டக்னா ரெயில் ஜாயின்ட், ஒவ்வொரு மாடியிலயும் டிக் டிக்னா கப்ளர் லாக் ரோலரைத் தொடுது, ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி டகடகன்னு ஓடினா ரோலர்ல ஒருபக்கம் தட்டையாயிடுச்சு, லிஃப்ட் ரொம்ப நேரம் ஒரே இடத்துல நின்னா இப்படி ஆகும். கீச்சுனு இழுத்தா கைட் ஷூ லைனர், எண்ணெய் டப்பா காலி. கேபின் முழுக்க உறுமுற மாதிரி அதிர்ந்தா ரோப் டென்ஷன் ஒண்ணுக்கொண்ணு சமமா இல்ல, சராசரியில இருந்து 5 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, டென்ஷன் சமமா இல்லன்னா ஷீவும் சீக்கிரம் தேயும், அப்புறம் ரோப்போட ஷீவும் மாத்தணும்.

மழை பெஞ்ச மறுநாள் எல்லாம் கோளாறு

பிட்ல தண்ணி. டார்ச் அடிச்சு தெரிஞ்சா லிஃப்டை ஒரு மேல் மாடிக்கு அனுப்பி பவரை ஆஃப் பண்ணுங்க, தண்ணி இருக்கும்போது இறங்காதீங்க. இறைச்சு காய்ஞ்ச அப்புறமும் பிட் ஸ்விட்ச், பஃபர், கவர்னர் டென்ஷன் வீல் ஸ்விட்ச் எல்லாத்தையும் திறந்து பாத்துட்டுதான் ஓட்டணும், ஈரம் உள்ள நின்னு ரெண்டு வாரம் கழிச்சு தொல்லை கொடுக்கும்.

எந்த குறையா இருந்தாலும் சரி பண்ணி திரும்ப விடுறதுக்கு முன்னாடி, டெஸ்டுக்கு போட்ட வயர் எல்லாம் எடுத்தாச்சான்னு போட்டது எத்தனை எடுத்தது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, இன்ஸ்பெக்ஷன் ஸ்விட்ச், பைபாஸ் ரெண்டும் நார்மல்ல இருக்கான்னு பாருங்க. எல்லா மாடியிலயும் நிறுத்தி கதவை திறந்து மூடி, மூடும்போது கர்ட்டன்ல கை காட்டி திரும்புதான்னு பாத்து, இன்டர்காமையும் ஒருதடவை அழுத்தி அந்தப்பக்கம் யாராவது எடுக்குறாங்களான்னு கேட்டுட்டு, அப்புறம் பாரிகேடை எடுங்க. குறை நடந்த மாடி, திசை, லோடு, நேரம், என்ன மாத்தினீங்க எல்லாம் லாக்புக்ல போயிடணும், அடுத்த ஷிஃப்ட்ல வர்றவருக்கு அதே லிஃப்ட் நின்னா தேட ஆரம்பிக்கிற இடம் அந்தப் பக்கம்தான்.